கீல் இல்லாத கதவு

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது,

நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய, நீயாக ஒரு வரி எழுதினால்தானே தெரியும். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். உன் தங்கை வந்து பத்து நாள் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். உனக்கும் போனில் சொன்னாளாம், நீ கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாயாம். போகட்டும், பேசாமல் இருப்பது நம் வீட்டுச் சொத்து, அதில் உனக்கும் பங்கு உண்டு.

புதுக் கண்ணாடியில் அரையிருட்டிலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இருபத்தாறு வருஷமாகப் பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறந்துபோகிற நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவளுக்கு அது பெரிய விஷயம்தான். மறுபடியும் அந்தக் கோட்டைக் காவலன் நாடகத்தைத்தான் போடுகிறோம். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வருவாயே, அதேதான். எதிரி வருகிறான், மூன்று நாளைக்குக் கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்று ராஜா சொல்லிவிடுகிறான். காவலனின் சொந்த மகளே புகுந்த வீட்டிலிருந்து ஓடி வந்து வெளியே நின்று தட்டுகிறாள், அவன் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டுகிற சத்தம் நின்றுபோகிறது. அவன் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அப்படியே நிற்பான், அந்த இடத்தில் வசனமே கிடையாது, நான் மனதுக்குள் முப்பது வரை எண்ணுவேன், திரை விழும். நூறு வருஷத்துப் பழைய நாடகம், இப்போது ராஜா எங்கே, கோட்டை எங்கே. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக்கூட நாற்காலி போதவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரி வாத்தியார் கட்டுரை எழுதுவதற்காக வந்திருந்தார். இந்தக் காலத்து ஜனங்களுக்கும் இந்தச் சோக நாடகம் ஏன் பிடிக்கிறது என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். காவலனாக நடிக்கிற தொந்தி மாமா எல்லாம் தன் நடிப்பால்தான் என்றார். மேனேஜர், கடமைக்கும் பாசத்துக்கும் நடக்கிற போராட்டம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்று எங்கோ படித்ததை ஒப்பித்தார், வாத்தியார் மளமளவென்று எழுதிக்கொண்டார். என்னிடம் டீ எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் கேட்டார். இதையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த முப்பது எண்ணும்போது நான் மேடையைப் பார்ப்பதில்லை, முன்வரிசை முகங்களைத்தான் பார்க்கிறேன். அவன் திறக்கமாட்டான் என்று தெரிந்தேதான் எல்லோரும் வருகிறார்கள். மூக்கைச் சிந்தாத ஆள் கிடையாது, ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட எழுந்து நின்று திறடா என்று கத்தியதில்லை. கூடப் பிறந்தவன் முகத்தில் விழிக்காதவர்கள், பெற்ற பிள்ளையை வாசலோடு அனுப்பியவர்கள், இங்கே வந்து யாரோ ஒரு பெண்ணுக்காக அழுது தீர்த்துவிட்டு, நமக்கும் இளகிய மனசுதான் என்று தங்களுக்குத் தாங்களே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, வெளியே போய் வண்டியை எடுக்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள். பிடிக்காமல் என்ன செய்யும். அவர்களைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை, கூட உட்கார்ந்து நானும்தானே அழுதேன்.

நீ பெட்டியோடு வந்து நின்ற அன்று உன் அப்பா கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றார். அவனோடு இனி வாழ முடியாது என்று நீ வெளியிலிருந்து சொன்னாய். போய்ப் பேசித் தீர்த்துக்கொள் என்று அவர் உள்ளேயிருந்து சொன்னார். நான் கொடியிலிருந்து எடுத்த துணியை அணைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஊரில் எவர் வாயடைத்துப் போனாலும் எடுத்துக் கொடுக்கிற எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. பெட்டியின் சக்கரம் தெருவில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

இந்த ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மதியக் காட்சி. தட்டுகிற சத்தம் நின்றது, நான் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டுக்கு மேல் முடியவில்லை. கதவைத் திற என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத் திரையிலிருந்து எது வந்தாலும் யோசிக்காமல் சொல்லுவது தொந்தி மாமாவின் பழக்கம். கதவைத் திற என்று கொட்டகை அதிரச் சொல்லிவிட்டு, அங்கே அவரைத் தவிர வேறு ஆள் இல்லாததால் தானே தாழ்ப்பாளை இழுத்தார். அந்தக் கதவைச் செய்தது உன் அப்பா, அங்கே தச்சு வேலை எல்லாம் அவர்தானே. திறக்காத கதவுக்குக் கீல் எதற்கு என்று பலகையைச் சும்மா முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். மொத்தமாகச் சாய்ந்தது. பின்னால், செத்துக் கிடக்க வேண்டிய மகள் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, பெண் பிழைத்தாள் என்று ஒருத்தராவது நினைத்தார்களா. முதலில் சிரித்தார்கள், அப்புறம் தங்கள் அழுகையைக் கெடுத்துவிட்டோம் என்று டிக்கெட் ஜன்னலில் போய்ச் சண்டை போட்டார்கள். இந்த மாதத்தோடு நீங்கள் வர வேண்டாம் என்று மேனேஜர் எனக்குச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நானும் அப்பாவும் கதவைத் தூக்கி நிறுத்தினோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் என் கை தாழ்ப்பாள்லதான் இருந்துச்சு. நீ ஏதாவது சொல்லுவேன்னுதான் நின்னேன். சொல்லியிருந்தா திறந்திருப்பேன்" என்றார். ஒன்பது வருஷமாக உன் பேச்சையே எடுக்காத மனுஷர். நிஜமாகவே அப்படி நின்றாரா, இல்லை இப்போது தோதாக என் தலையில் இறக்கி வைக்கிறாரா, நான்கு நாளாக எனக்குப் பிடிபடவில்லை. பழியை இறக்கி வைத்துவிட்டு ஆணி எடுக்கப் போனார். கீல் வைக்கவில்லை. நான்கு மூலையிலும் நீள நீளமாக அடித்தார், இனி யார் சொன்னாலும் அந்தக் கதவு அசையாது. எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். உன்மேலும் கொஞ்சம் உண்டு. நாடகத்துப் பெண் மூன்று நாள் தட்டினாள், நீ இரண்டு தட்டோடு போய்விட்டாய். இதை ஒரு தாய் எழுதியிருக்கக் கூடாது, ஆனாலும் அடித்துத் திருத்தப் போவதில்லை.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, டீயோடு விழுங்காதே. உடம்பில் தெம்பும் உன்னை மதிக்கிற நாலு மனுஷரும் உனக்கு எப்போதும் இருக்கட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. எப்போதாவது வந்தால் தட்டிவிட்டு, அம்மா என்று என்னைக் கூப்பிடு. அவர் கை தாழ்ப்பாளில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நான் முப்பது வரை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்று பின்னால் நின்ற
உன் அம்மா