காப்பியில் விழுந்த கொண்டை

ஏப்ரல் 3
பனி உருகி ஓடை வடிந்துவிட்டது. கரையில் நல்ல களிமண். ஆடுகள் மேயும் நேரத்தில் ஒரு பொம்மை பிடிக்க ஆரம்பித்தேன், தங்கை டெல்ஃபீனின் மகள் ஷாண்டீனுக்கு. பிறந்து மூன்று மாதம், இன்னும் நான் தூக்கவில்லை. அம்மா போனபின் மந்தையைப் பிரிக்கமாட்டேன் என்றேன். அன்றோடு தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். பங்கு கேட்கிறாளே, ஒருநாள் மேய்த்தாளா?

ஏப்ரல் 5
என் பழைய வெல்வெட் சட்டையில் துண்டு வெட்டிப் பொம்மைக்குச் சுற்றினேன். வெயிலில் காய்கிறது.

ஏப்ரல் 6
டெல்ஃபீன் புருஷன் எமர்சன் கம்பளி மூட்டை ஏற்ற வந்தான். குழந்தை இன்னும் சிரிக்கவில்லையாம். எங்கள் வழக்கப்படி குழந்தையை முதலில் சிரிக்க வைப்பவர்தானே விருந்து போட்டு, குழந்தை கையால் எல்லோருக்கும் உப்புக் கொடுக்கவேண்டும். அவர் குணம்தானே குழந்தைக்கு ஒட்டும்.

"உன்ன மட்டும் கிட்ட விடக்கூடாதாம் அக்கா. கஞ்சத்தனம் ஒட்டிக்குமாம்." இளித்துக்கொண்டே சொல்கிறான், தடியன்.

நானா கஞ்சம்? அவன் போனதும் அழுதேன்.

ஏப்ரல் 7
பொம்மை மொட்டைத்தலையோடு முறைத்தது. ஈர மண்ணில் ஒரு கொண்டை பிடித்து ஒட்டினேன்.

ஏப்ரல் 8
டெல்ஃபீன் வீட்டுக்குப் போயே விட்டேன். பொம்மையைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான்.

டெல்ஃபீன் காப்பிக் கோப்பையோடு குழந்தையை மறைத்து உட்கார்ந்தாள். "அங்கயே நில்லு. பல்லக் காட்டாத."

மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நீட்டினேன். காய்ந்த தலையில் ஈர மண் நிற்குமா? எனக்கே தெரிந்த விஷயம், கோபத்தில் மறந்துபோச்சு. கொண்டை கழன்று நேராக அவள் காப்பியில் — ப்ளக்!

குழந்தையைத் துணியால் கட்டிவைத்திருந்த தொட்டில்பலகையிலிருந்து ஒரு சத்தம். ஷாண்டீன் சிரிக்கிறாள்!

"போச்சு," என்றாள் டெல்ஃபீன். "போயும் போயும் நீயா!"

ஏப்ரல் 10
விருந்துக்கு எதை வெட்ட? கிழட்டு ஆட்டை வெட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சீ! அந்தக் குழந்தைக்கா அது ஒட்டவேண்டும்? கொழுத்த கடாவைப் பிடித்துக் கட்டினேன்.

ஏப்ரல் 12
ஷாண்டீன் என் மடியில். குட்டிக் கையைப் பிடித்து ஒவ்வொருவர் கையிலும் உப்பு வைத்தோம். டெல்ஃபீன் கடைசியாக வந்து கை நீட்டினாள்.

"கம்மியா குடுக்குறா பாரு. உன்ன மாதிரியே."

"இருடி," என்று குட்டிக் கையை மறுபடி உப்புக் கூடைக்குள் விட்டேன். "போறப்ப உன் பங்கு ஆடுங்கள ஏத்திக்கிட்டுப் போ."

அவள் உப்பை நக்கிக்கொண்டே நின்றாள். "நான் எங்க கொண்டுபோய் மேய்க்க? இவ பேர்ல இங்கயே நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவளத் தூக்கிட்டு வந்து பாத்துக்கிறேன்."

பொம்மைக்குப் புதுக் கொண்டை வைக்கவா என்றேன். வேண்டாமாம், மொட்டையாகவே இருக்கட்டுமாம்.