இரண்டு கிலோ குழம்புப் பொடி

திண்டிவனம்,
6.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வாரம் முழுவதும் எனக்கு, அக்காவின் பிரசவத்துக்காக நீ துபாய்க்குக் கட்டும் பெட்டி நினைவுதான். விடுதியில் ஃபோன் பேச மாதத்தில் ஒரு ஞாயிறுதான் கிடைக்கும் என்பதால் எழுதுகிறேன். விமானத்தில் எதை எடுத்துப் போகலாம், எது கூடாது என்று கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாய் பெரிய பெட்டிக்குள். கொப்பரைத் தேங்காய் பெட்டியில் கூடாது, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்குமாம். ஆஷ்லின் அக்காவுக்கு அருவாமணை கொண்டுபோகப் போவதாகச் சொன்னாயே, அதை மடியில் வைத்துக்கொண்டு பறக்க விடமாட்டார்கள்.

முக்கியமாக, துபாயில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வருகிறதாம். கொஞ்சம் இருந்தாலும் ஜெயில்தானாம். மறந்தும் எடுத்துப் போகாதே.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.
உன் வெனிலா

விழுப்புரம்,
9.7.2025

செல்ல மகள் வெனிலாவுக்கு,

அருவாமணையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கசகசாப் பொட்டலத்தையும் எடுத்துவிட்டேன். திருப்தியா? விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எழுதவே இல்லையே.

குழம்புப் பொடி இரண்டு கிலோ மிஷினில் அரைத்து வந்தேன். ஆஷ்லின் நிறைமாதத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, என் கோழிக் குழம்பைத்தான் கேட்கிறாள்.

அம்மா லூர்துசெல்வி

திண்டிவனம்,
12.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் பொடியைப் பற்றி ஒரு கேள்வி. மிளகாய், மல்லி, சோம்போடு கசகசாவையும் வறுத்துத்தானே அரைப்பாய்? பொட்டலத்தை எடுத்துவிட்டாய், ஆனால் பொடிக்குள் அது இருக்கிறதே. தயவுசெய்து வேண்டாம்.

கவலையோடு,
வெனிலா

விழுப்புரம்,
15.7.2025

வெனிலாவுக்கு,

இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கை எரிய வறுத்த பொடி. பக்கத்து வீட்டுப் பூமாலை அக்கா போன வருஷம் இதே மாதிரி துபாய்க்குக் கொண்டுபோனாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னால், "கொழம்புத் தூளுக்கெல்லாமாடி ஜெயிலு? பேஜாரா இருக்குதே" என்று சிரிக்கிறார். அடுப்பங்கரைப் பக்கமே வராதவள் எனக்குப் பொடியைப் பற்றிச் சொல்லித் தருகிறாய். நான் கொண்டுபோகத்தான் போகிறேன். நீ படிப்பைப் பார்.

அம்மா

திண்டிவனம்,
18.7.2025

அம்மா,

நாளை மறுநாள் நீ கிளம்புகிறாய். தபாலை நம்ப நேரமில்லை. என் தோழியின் அப்பா அப்பாதுரை சார் இன்று விழுப்புரம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் அடுப்பங்கரைக்கு வராதவள்தான். பூமாலை அக்காவின் பெட்டியை யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான். உன் பெட்டியைத் திறந்து உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டால், அக்காவுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? எத்தனை தடவை யோசித்தாலும் நான் இந்தக் கேள்வியிலேயே வந்து நிற்கிறேன். கோபம் இருந்தால் வந்த பிறகு திட்டு.

வெனிலா

துபாய்,
7.9.2025

என் கண்ணு வெனிலாவுக்கு,

ஊருக்கு வரும் மாப்பிள்ளையின் நண்பர் தென்னரசு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆஷ்லினும் பையனும் நலம். பையன் உன்னைப் போலவே முகத்தைச் சுருக்கி உற்றுப் பார்க்கிறான்.

பொடியைக் கடைசியில் அப்பாவிடமே விட்டுவிட்டேன். ஃபோனில் பேசியபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே இறங்கியதும் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பெண் அதிகாரி வறுத்து உரித்த மல்லாட்டை, கேப்பை மாவு எல்லாவற்றையும் பிரித்து மோந்து பார்த்தாள். பிறகு சிரித்து, போகச் சொன்னாள். வெளியே வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே கசகசாவுக்குப் பதில் முந்திரி அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தேன். ஆஷ்லின், "இன்னாம்மா, வேற மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவளும் குழந்தையும் என்னோடு வருகிறார்கள். பால் புட்டி, ஃபிளாஸ்க், குழந்தையின் மருந்து, இதில் எது கையில், எது பெட்டியில்? மாப்பிள்ளை ஒன்று சொல்கிறார், ஆஷ்லின் ஒன்று சொல்கிறாள். நீ பார்த்து எழுது. அதன்படிதான் கட்டுவேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா