டென்வரிலிருந்து காலியாகப் பறந்த நாற்காலி

பார்மா, ஒஹையோ
அக்டோபர் 11, 1998, ஞாயிறு

அன்பு மகள் மாரியானுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சியாட்டிலில் நீயும் மாப்பிள்ளை ரஃபேலும் குழந்தை நோராவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா தேறி வருகிறாள். நான் சௌக்கியமா என்று மட்டும் கேட்காதே, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை காலையில் அம்மாவின் மார்பிலிருந்த கட்டியை எடுத்தார்கள், வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். மாரியான் வந்துட்டாளா என்றாள். வீட்டுக்கு வந்து போனில் பதிவாகியிருந்ததைக் கேட்டால், "அப்பா, எடம் கிடைக்கல, வெள்ளிக்கிழமை எனக்கு டியூட்டி, அம்மாகிட்ட சொல்லுங்க" என்று நீ பேசியிருக்கிறாய். என் காதில் பூச்சுற்றாதே மகளே. விமானம் நிரம்பியிருந்தால் என்ன, காக்பிட்டில் நமக்கென்று ஒரு மடக்கு நாற்காலி எப்போதும் இருக்கிறது. எந்தக் கம்பெனி பைலட்டாக இருந்தாலும், வாசலில் நின்று கேப்டனிடம் மரியாதையாகக் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள், அது நம் தொழிலின் தர்மம். உனக்கு இடம் கிடைக்காமல் இல்லை, என் முகத்தில் விழிக்க வெட்கம், அதுதான் நிஜம். அந்த வெட்கத்துக்குப் பெற்றவளைக் காக்க வைத்தாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

வெட்கப்பட வேண்டியதுதான். உங்கள் ஹார்க்னஸ் விமானக் கம்பெனி எங்கள் கார்ஃபீல்டை வாங்கினதில் எனக்கு வருத்தமில்லை, பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத்தான் செய்யும். ஆனால் விமானத்தை வாங்கினார்கள், வாசலை வாங்கினார்கள், என் இருபத்தாறு வருஷத்தையுமா வாங்கினார்கள்? நான் கார்ஃபீல்டில் சேர்ந்தபோது நீ மூன்றாம் வகுப்பு, முன்பல் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாய். எங்கள் சீனியாரிட்டி பட்டியலில் நான் 214. அந்த எண்ணுக்கு நான் கொடுத்த விலை உனக்கும் தெரியும், முதல் ஒன்பது வருஷம் ஒரு கிறிஸ்துமஸுக்கும் நான் வீட்டில் இல்லை, எனக்கு மேலே இருந்தவன் லீவு எடுத்த பிறகு மிஞ்சியதுதான் எனக்கு. 1981-இல்தான் முதன்முறையாக உங்களோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் காளான் சூப் குடித்தேன், அப்போது உனக்குப் பதினெட்டு வயது, சூப் பிடிக்காது என்று எழுந்து போய்விட்டாய். எந்த விமானம், எந்த ஊர், கேப்டனின் இடது நாற்காலியா துணை பைலட்டின் வலது நாற்காலியா, எல்லாவற்றையும் அந்த எண்தான் சொல்லும். ஆகஸ்டில் மத்தியஸ்தர் ஒருவர் வந்தார், வாழ்நாளில் ஒரு கட்டுப்பாட்டுக் கம்பியைத் தொட்டிருக்க மாட்டார், கார்ஃபீல்ட் எப்படியும் திவாலாகியிருக்கும், ஆகவே அதன் பைலட்டுகளுக்குப் பெரிய எதிர்காலம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று எழுதிவிட்டு எங்களை உங்கள் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டினார். இப்போது நான் 3906. 1990-இல் சேர்ந்த நீ 2640. முன் வந்த செவியைப் பின் வந்த கொம்பு மறைத்தது என்பார்கள், அந்தக் கொம்பு என் வீட்டிலேயே முளைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அறுபது வயதில் கட்டாய ஓய்வு, அதற்கு இன்னும் மூன்று வருஷம். ஜனவரியில் இரண்டு கம்பெனியும் ஒன்றாகிறது, அன்றிலிருந்து நான் வலது நாற்காலி. முப்பத்து நாலு வயதுப் பிள்ளை ஒருவன் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தை இறக்குங்க மிஸ்டர் கோவாச் என்பான், நான் இறக்க வேண்டும்.

இதில் என்னை வேகவைப்பது வேறொன்று. எங்கள் யூனியன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது, கம்பெனியை யார் வாங்கினாலும் சேர்ந்த தேதிப்படிதான் பட்டியலைக் கலக்க வேண்டும் என்று. அந்த ஒரு வரிக்காக எழுபத்தெட்டில் நாற்பத்தொரு நாள் ஸ்டிரைக் செய்தோம், அம்மா தையல் வேலைக்குப் போனாள். போன மார்ச்சில் உங்கள் ஆட்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள், அந்த வரி இருந்தால் வாங்க மாட்டோம், எடுத்துவிடுங்கள், எல்லாருக்கும் நியாயமாகச் செய்வோம் என்றார்கள். வாங்காவிட்டால் மொத்தமும் மூடுவிழா என்று எங்களுக்குப் பயம். எங்கள் யூனியனில் ஒன்பது பேர் கமிட்டி, ஐந்துக்கு நான்கு என்று அந்த வரியை அடித்தோம். அந்த ஐந்தில் ஒரு கை என் கை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், போதுமா? உன்னிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை. நியாயம் என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் நான், காகிதத்தில் எழுதாத நியாயம் காற்றோடு போகும் என்று ஐம்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டேன்.

பட்டியல் வந்த அன்று உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். "அது நான் போட்ட பட்டியல் இல்லப்பா, எங்க ஆளுங்களும் பத்து வருஷம் காத்துக் கெடந்தவங்கதான், அவங்க தலையில நீங்க ஏறி உட்கார்ந்தா எப்படின்னு கேப்பாங்க" என்றாய். எங்க ஆளுங்க! நீ அவங்க ஆளு, அங்கேயே இரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் கிளீவ்லேண்ட் விமான நிலையத்தில் எங்கள் ஓய்வறைப் பலகையில் ஒரு காகிதம் குத்தினேன். ஹார்க்னஸ் ஆள் எவருக்கும் என் காக்பிட்டில் இடமில்லை என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே முதல் கையெழுத்து என்னுடையது. சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று கேப்டன்கள் போட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சகோதரனைக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போனவனில்லை நான். இப்போது நான்கு பேரைத் திருப்பி அனுப்பியாயிற்று, ஒருவனையும் நினைத்து வருந்தவில்லை. கோபக்காரன் கிழவன் என்று நீ சொல்லலாம். சொல். அடித்தவனுக்கு மறக்கும், அடிபட்டவனுக்கு மறக்காது. அம்மா கூப்பிடுகிறாள், மாத்திரை நேரம், மீதியை நாளை எழுதுகிறேன்.

புதன்கிழமை.

மாரியான், மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை, உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ முழுதாகப் பார்க்க வேண்டும். நேற்று மத்தியானம் வெர்ன் க்ரூபர் அம்மாவைப் பார்க்க வந்தான். நீ ஒஹையோவை விட்டுப் போன பிறகுதான் அவன் எங்களோடு நெருக்கமானான், அதனால் உன்னைப் பார்த்ததில்லை. நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே நாளில் சேர்ந்தவர்களை வயதுப்படி வைப்பது எங்கள் வழக்கம், நான் பதினோரு நாள் மூத்தவன், அதனால் நான் 214, அவன் 215. "நீ பதினோரு நாள் முந்திப் பொறந்ததுக்கு இருபத்தாறு வருஷமா எனக்குத் தண்டனைடா" என்று எப்போதும் சொல்வான். புதுப் பட்டியலில் எல்லாம் தலைகீழாகப் போனாலும் அவன் 3907, அது மட்டும் மாறவில்லை. அவன் மனைவி செய்த உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையை அடுப்பில் சூடாக்கியபடி, அவன் வந்ததும் வராததுமாக வீரப்பிரதாபம் ஆரம்பித்தான். "போன புதன்கிழமை டென்வர்ல பனி கொட்டி எல்லா பிளைட்டும் ரொம்பி வழியுது எமில், என் விமானம்தான் கடைசி, ஒரு ஹார்க்னஸ் பொண்ணு வாசல்ல வந்து நிக்குது, யூனிபார்மோட, அடையாள அட்டைய நீட்டி, கிளீவ்லேண்ட் போகணும் கேப்டன், காக்பிட்ல எடம் தருவீங்களான்னு. எங்க பட்டியல்லதான் நீங்க ஏற்கனவே ஏறி உட்கார்ந்துட்டீங்களே, விமானத்துலயும் எடம் வேணுமான்னு கேட்டேன் பாரு, மூஞ்சி செத்துப்போச்சு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன் மாரியான். சத்தமாகவே சிரித்தேன், முதுகில் தட்டினேன். அப்புறம் அவன், "அம்மாவுக்கு ஆபரேஷன்னு வேற சொல்லுச்சு, எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க" என்றான்.

என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு என்ன பேர் என்று கேட்டேன். "ஏதோ டெல்கார்டோன்னு போட்டிருந்தது, எடது புருவத்துல சின்னத் தழும்பு" என்றான். மாப்பிள்ளை வீட்டுப் பேர் அது, அந்தத் தழும்பும் எனக்குத் தெரியும், பத்து வயதில் சைக்கிளில் விழுந்தாய், நான் அன்றைக்கும் ஊரில் இல்லை. வெர்ன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தெரிஞ்ச புள்ளையா?" என்றான். என் மகள் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொல்லலையே எமில், கோவாச் மகள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் சொந்த சீட்டையே குடுத்திருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், அந்தப் பெரிய மனுஷன் அழுதான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, அந்தக் காகிதத்தில் இரண்டாவது கையெழுத்து அவனுடையது, முதல் கையெழுத்து யாருடையது என்று உனக்கு இப்போது தெரியும். அந்த நாற்காலி டென்வரிலிருந்து கிளீவ்லேண்ட் வரை மூன்று மணி நேரம் காலியாகவே வந்திருக்கிறது. நாங்கள் பேசியதெல்லாம் உள்ளறையில் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. வெர்ன் போன பிறகு உள்ளே போனேன், அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "உன் பட்டியல்ல நான் எத்தனாவது எமில்?" என்று கேட்டாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? நேற்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மேலும் எனக்குக் கோபம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பெற்றவள் ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது உனக்கென்ன வீம்பு? ஆனால் அங்கேயே இரு என்று சொன்னவன் பெயரை எந்த வாயால் சொல்வாய், அதுவும் தெரிகிறது. வாசலில் விரட்டினார்கள் என்றுகூட நீ போனில் சொல்லவில்லை, இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாய், எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்காமல். அதைத்தான் நான் பொய் என்று மேலே எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனா முனை உடையாமல் இருப்பதே பெரிது.

இன்று காலை போய் அந்தக் காகிதத்தைப் பலகையிலிருந்து கிழித்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "என்ன கோவாச், பயந்துட்டியா, புது முதலாளிக்கு இப்பவே கும்பிடா?" என்றான். போன வாரம் இதை வைத்து யாரைத் தடுத்தோம் தெரியுமா என்று நடந்ததைச் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவன் மட்டும் புதுக் காகிதம் எழுதிக் குத்தினான், குத்தட்டும், அவன் மகள் வேறெங்கோ பள்ளிக்கூட டீச்சர். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. பட்டியலை எதிர்த்து வழக்குப் போடுகிறோம், அதில் என் பெயர் முதலில் இருக்கும், மத்தியஸ்தர் எழுதியது அநியாயம் என்று சாகும்வரை சொல்வேன், உன் யூனியன் பத்திரிகையில் நியாயமான தீர்வு என்று போட்டவனை எங்கே பார்த்தாலும் திட்டுவேன். சண்டை கோர்ட்டில் நடக்கட்டும். வாசலில் நிற்கிறவர்களிடம் அதைக் காட்டினேன், அதுதான் தப்பு.

இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை எனக்கு நான்கு நாள் ஓய்வு தொடங்குகிறது. அம்மா இன்னும் ஆறு வாரம் பயணம் செய்யக் கூடாது, வெர்னின் மனைவி வந்து துணைக்கு இருப்பாள், நான் மட்டும் வருகிறேன். டென்வரிலிருந்து சியாட்டிலுக்கு உங்கள் ஹார்க்னஸ்தான் போகிறது, சனிக்கிழமை எல்லா இருக்கையும் விற்றுப்போயிருக்கும், எனக்குத் தெரியும். அந்த வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று மடக்கு நாற்காலியைக் கேட்பேன். எங்கள் ஆட்கள் செய்தது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும், மறுத்தால் மறுக்கட்டும், அடுத்த விமானத்துக்கு நிற்பேன், அதற்கு அடுத்ததற்கும் நிற்பேன்.

நோராவுக்கு அம்மா பின்னிய கம்பளித் தொப்பி கொண்டு வருகிறேன், தலை வளர்ந்திருந்தால் மாப்பிள்ளையிடம் அளவெடுக்கச் சொல். மழைக்காலம் வருகிறது, ஓடுபாதை ஈரமாக இருக்கும்போது இறங்க அவசரப்படாதே, மனசு சரியில்லாமல் காக்பிட்டில் ஏறாதே, இதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து வந்ததும் அம்மாவுக்குப் போன் செய், மறக்காதே, நான் எடுத்தால் வைத்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், நீ ஏற்றிச் செல்கிற அத்தனை பேரும் பத்திரமாக இறங்க வேண்டும், கடவுள் உன்னோடு இருக்கட்டும். டென்வரில் அந்த ஹார்க்னஸ் கேப்டன் என் அட்டையைப் பார்த்துவிட்டு நீ யார் என்று கேட்டால், மாரியான் டெல்கார்டோவின் அப்பா என்று சொல்வேன்.

உன் அப்பா,
எமில் கோவாச்
3906