கத்தாத மேற்பார்வையாளர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர் அக்கா அதிர்ந்தே பேசமாட்டார். "இவங்களா நம்மள மேய்க்கப்போறாங்க?" என்று சிரித்தோம். போன வாரம் துணி உலர்த்தும் இயந்திரத்தில் புகை வந்தது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே கதவில் முண்டியடித்தோம். அக்கா மட்டும் பதறாமல், "ஒவ்வொருத்தரா போங்க, நான் கடைசியா வர்றேன்" என்றார். அந்தக் குரலிலேயே எங்கள் படபடப்பு அடங்கியது. சொன்னபடி கடைசியில்தான் வந்தார்.

எப்போதும் கத்தும் இன்னொரு மேற்பார்வையாளர் மறுநாள், "நான் இருந்திருந்தா, என் சத்தத்துலயே நீங்க மிதிபட்டிருப்பீங்க" என்றார். அதைச் சொல்லவும் பெரிய மனசு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய், கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் சின்னவள்