ஜூலை நான்கு, கரீமின் எழுத்தில்

2-7-66, சனி

காலையிலேயே வெயில். ராஜகிரி மலை மேல் ஒரு துண்டு மேகம், பத்து மணிக்குள் அதுவும் போயிற்று. காய்ச்சல் விட்டு ஐந்து நாள். படிப்பகம் போனேன்.

வாசல் கரும்பலகையில் 'அமெரிக்காவில் இன்று' இரண்டு வருஷமாக நான் எழுதுவது. நான் படுத்திருந்தபோது கரீம் எழுதினார். கணக்கு வாத்தியார், என்னோடு ஓய்வு பெற்றவர். முத்து முத்தான எழுத்து. ஓரத்தில் கலர் சாக்பீஸில் படம் வேறு. நின்று படிக்கிறார்கள்! எதிர்க்கடைத் தையல்காரர், என் காதுபடவே: "கரீம் சார் எழுதனா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது."

படிப்பகச் செயலாளர்: "நாலாந்தேதியும் அவரே எழுதட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க சார்."

நாலாந்தேதி! அமெரிக்கச் சுதந்திர தினம். வருஷம் முழுக்க அதற்காகத்தானே எழுதினேன்.

தலையை ஆட்டினேன். விவரமெல்லாம் உள்ள அமெரிக்கப் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ரிஜிஸ்தரில் கையெழுத்து இல்லை.

3-7, ஞாயிறு

வாங்க: மாத்திரை, சீரகம், குடைக்குக் கம்பி.

கரீம் வந்தார். பத்திரிகை தலையணைக்கு அடியில்.

"நாளைக்குக் கொடிப் படத்தைத் தவிர இன்னா எழுதலாம் சார்?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நல்ல கதை என் வாயில் நிற்காது. இரண்டாம் ஜனாதிபதி, மூன்றாம் ஜனாதிபதி. நண்பர்கள், பிறகு போட்டி, பேச்சில்லை, கிழவயதில் மறுபடி கடிதம். சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு, 1826, அதே ஜூலை 4, இருவரும் ஒரே நாளில் மரணம். மூன்றாமவர் பகலில். இரண்டாமவர் மாலையில், செய்தி தெரியாமல், மூன்றாமவர் இன்னும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு.

கரீமுக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி: "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டு, இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?"

சாகும்போதும் போட்டிக்காரன் நினைப்பு. எனக்குப் புரிகிறது.

4-7, திங்கள்

புழுதிக் காற்று. பலகை முன் பதினைந்து பேர். என் கதை, அவர் எழுத்து.

ஆனால் ஆளை மாற்றிவிட்டார். இரண்டாமவர் பகலில், மூன்றாமவர் மாலையில். அப்படியானால் இரண்டாமவர் சொன்னது நிஜமாகவே உண்மை. கதையின் உயிரே போயிற்று.

"சரியா இருக்குதா சார்?"

"சரிதான்."

தப்பு விடைக்கு ஒரு நாளும் சரி போட்டதில்லை, எந்தப் பையனுக்கும். யாராவது கண்டுபிடித்துச் சிரிக்கட்டும் என்று சாயங்காலம் பத்திரிகையைப் படிப்பக மேசையில் வைத்தேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து செருப்பை மாட்டினேன்.

5-7, செவ்வாய்

விடிந்ததும் போனேன், அழித்துத் திருத்த. கரீம் முந்திவிட்டார். 'நேற்று எழுதியது தவறு. தவறு என்னுடையது.' கீழே சரியான கதை.

தையல்காரர்: "செத்துப்போனவரு இருக்கார்னு நெனச்சிக்கினே செத்தாரா? அடப்பாவமே!"

தவறுக்கும் கூட்டம். அதற்கும் வயிறு எரிந்தது.

கரீம் மெதுவாக, "ராத்திரி மேசையில பத்திரிகையைப் பாத்தேன். அந்தப் பக்கத்துல உங்க பென்சில் கோடு இருந்துச்சி சார்."

சாக்பீஸை நீட்டினார்.

வாங்கி, அவருடைய வரிக்குக் கீழே எழுதினேன்: 'எனக்கு நேற்றே தெரியும். கேட்டபோது சரி என்று சொன்னேன்.' கையெழுத்தும் போட்டேன். எழுத்து கோணல்.

கூட்டம் நேற்றைவிட அதிகம்.