சங்கு ஊதினால் எந்தப் பக்கம்

சுலக்ஷனா அப்பாவுக்கு,

போனில் பேசினால் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் கொழும்புக்கு வரும் உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். நம் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் அணைச் சுவரில் தண்ணீர் கசிகிறதாம். பழைய சுவர், வேறென்ன செய்யும்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ஆபத்துச் சங்கு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். அது ஊதினால் மலைக்கோயிலுக்கு ஏறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியதுதான் தாமதம், எல்லோரும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு கீழே ஆற்றோரப் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்கு வரிசையாக நின்றோம். நானும்தான். சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது, கால்தான் கேட்கவில்லை. தினமும் காலையில் வேலைக்கு ஊதுகிற சங்கும் இதே சத்தம்தான். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம்தானே போயிருக்கிறோம்.

"தண்ணி வந்தா மொதல்ல இங்கதான் வரும், மேல ஏறுங்க!" என்று வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா கத்தினார்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா, "அப்ப இன்னைக்குப் பேரு போட மாட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். பேரு விழுந்தால்தானே அன்றைய சம்பளம். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் அக்கா நோர்வூட்டில் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறார். போனால் இங்கே வேலையும் இல்லை, தோட்டம் கொடுத்த இந்த ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. நீங்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று காலையும் சங்கு ஊதியது. வேலைக்கா, தண்ணீருக்கா என்று தெரியவில்லை. கூடையோடு வாசலில் நின்று, மற்றவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்தேன். அவர்களும் அவரவர் வாசலில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா