உதாரண இலக்கத்தின் உரிமையாளர் எழுதுவது

அனுப்புபவர்:
செல்வி முத்துக்குமாரு ஜெயகௌரி,
தையல் வேலை,
ஆலடி ஒழுங்கை,
மானிப்பாய்.

பெறுநர்:
முகாமையாளர் அவர்கள்,
வடமுனைத் தொலைபேசிச் சேவை,
யாழ்ப்பாணம்.

விடயம்: வெளிநாட்டு அழைப்புகள் எனது வீட்டுத் தொலைபேசிக்கு வராதபடி தாங்கள் போட்டுள்ள தடையை நீக்கித் தரக் கோருதல்.

(எனது இலக்கம் தங்கள் கோப்பில் உள்ளது. அதை இன்னொரு தாளில் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் கீழே வரும்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து, அயலவரின் சட்டைகளைத் தைத்தும், தைக்கக் கொடுக்க வருபவர்கள் சொல்லும் புதினங்களைக் கேட்டும் சீவிப்பவள். துணியைவிடப் புதினமே அதிகம் வந்து சேர்கிறது. கையை உயர்த்தி அளவு கொடுத்து நிற்கிற பெண் எதையும் ஒளிக்கமாட்டாள் என்பது என் தொழில் அனுபவம். வயது ஐம்பத்துமூன்று. இதைக் கேட்பார் இல்லாதபடியால் நானே எழுதிவிடுகிறேன்.

2. தங்கள் சேவை சில ஆண்டுகளுக்கு முன் “வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பது எப்படி?” என்ற துண்டுப்பிரசுரத்தை வெளியிட்டது. முதலில் 00 அழுத்தவும், பின்னர் நாட்டுக்குரிய 94, அதன்பின் 021 இல் முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு 21, கடைசியாக வீட்டு இலக்கம் என்று பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எழுதியிருந்தீர்கள். குறை சொல்வதற்கு இடமில்லை. அதன் கீழே “உதாரணம்” என்று தடித்த எழுத்தில் முழு இலக்கம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். அது என்னுடையது.

3. எனது இலக்கம் படிப்படியாக ஏறிப் போகிற இலக்கம். பார்ப்பவருக்கு யாரோ சும்மா கற்பனை செய்து எழுதியது போலத் தெரியும். இணைப்பு எடுத்த நாளில் இப்படியொரு வடிவான இலக்கம் ஊரில் எவருக்கும் இல்லை என்று பெருமையடித்துத் திரிந்தேன். அந்தப் பெருமைக்கு உரியது கிடைத்தது. கோயில் திருவிழாக்களுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் எல்லோரும் அந்தப் பிரசுரத்தைக் கொண்டுபோய்த் தங்கள் குளிர்சாதனப் பெட்டிகளில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர்களில் ஒரு பகுதியினர் உதாரணத்தையே அழுத்தியிருக்கிறார்கள்.

4. பாரிசிலிருந்து ஒருவர், இலக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்ததாகச் சொல்லி நன்றி கூறி வைத்தார். லண்டன்காரர் ஒருவர், உதாரணத்துக்குக் கொடுத்த இலக்கத்தில் ஆள் இருந்து பதில் சொல்வது எந்த வகையில் நியாயம் என்று என்னைக் கண்டித்தார். டென்மார்க்கிலிருந்து பேசிய கண்ணியமான குரல் ஒன்று மழை, வெயில், மாம்பழ விலை எல்லாம் விசாரித்து, கடைசியில் என் வயதையும் விசாரித்தது. சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டது. கடலடிக் கம்பியில் ஏற்பட்ட பழுது என்றே இன்றுவரை நம்புகிறேன். கனடாவிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. அங்கே 00 இற்குப் பதிலாக 011 அழுத்த வேண்டுமாம், அதைத் தங்கள் பிரசுரம் சொல்லவில்லை. எனது சொந்த அண்ணை இருப்பது கனடாவில். அவருக்கு 011 நன்றாகத் தெரியும். அவர் காலைதோறும் கைத்தொலைபேசிக்கு ரோசாப்பூப் படம் அனுப்புகிறார். அதில் பேச்சு இருக்காது.

5. இந்த அழைப்புகளால் வீட்டின் அமைதி கெடுகிறது என்று 2022 ஆம் ஆண்டில் தங்களுக்குக் காரசாரமான முறைப்பாடு ஒன்றை எழுதியவள் நானே. அந்தக் கடிதத்தின் தமிழை நானே இரண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டியும் இருந்தேன். அதைத் தபாலில் போட்டுச் சில நாட்களில் பூரணம் அக்கா முதன்முதலாகத் தொலைபேசி எடுத்தார்.

6. அவர் நோர்வேயில் பேர்கன் நகரத்துப் பக்கம் இருக்கிறார். தொலைபேசிக்கு மேலே மகன் ஒட்டிவிட்ட தங்கள் பிரசுரத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே பூச்சியம் முதல் கடைசி வரை அழுத்தியிருக்கிறார். தபாற்கந்தோரில் ஒருவர் இருந்து இணைப்புக் கொடுத்த காலத்தில் ஊரை விட்டவர் போலும். அந்த நீண்ட இலக்கத்தை அழுத்தினால் யாழ்ப்பாண எக்ஸ்சேஞ்ச் எடுக்கும், பிறகு ஊரைச் சொன்னால் போட்டுவிடுவார்கள் என்ற தெளிவோடு, “பிள்ளை, அளவெட்டிக்கு ஒருக்காப் போட்டுவிடு. என்ரை தங்கச்சி சின்னாச்சி வீடு” என்றார்.

7. பிழையான இலக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் எந்த நாளில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது? “லைன் வேலையா இருக்கு அக்கா. கொஞ்சம் நில்லுங்கோ” என்றேன். நிற்கும் நேரத்தில் என்ன சமையல் என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அளவெட்டி லைன் வேலையாகவே இருந்தது. அது கிடைக்கும்வரை நாங்கள் கதைத்தோம். எதிர்வீட்டு உதயகலா என் காணிக்குள் தள்ளி அடைத்த வேலியின் கதை மானிப்பாயில் பழசாகிவிட்டது. பேர்கனில் மட்டும் அது சூடாக இருந்தது. “உவள் வேலிக் கதியாலைப் பிடுங்கினவளோ இல்லையோ?” என்று என்னிலும் அதிகமாகக் கோபப்பட ஒருவர் இருந்தார். அதே உதயகலா எனக்கு நோர்வேயில் சம்பந்தப் பேச்சு நடக்கிறது என்று ஊரில் பரப்பியதையும் சொன்னேன். இருவரும் மூச்சடைக்கச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் மெசினை மூடிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன் என்பதையும் பதியவேண்டியிருக்கிறது. தொலைபேசியில் சட்டை தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

8. கடந்த வைகாசியில் அடுத்த ஒழுங்கையில் கலியாண வீடு. நாதசுரமும் தவிலும் வளவு முழுக்கக் கேட்டன. எனக்குக் குறும்பு முற்றி, “அக்கா, அளவெட்டி லைன் கிடைச்சிட்டுது, கேளுங்கோ” என்று றிசீவரை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். கை உளையும்வரை பிடித்துவிட்டுக் காதில் வைத்தேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“உது அளவெட்டி இல்லைப் பிள்ளை. அங்கத்தை நாதசுரக்காரர் உப்பிடி அவசரப்பட்டு ஊதமாட்டினம். நீ எக்ஸ்சேஞ்ச் இல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். சின்னாச்சி செத்தும் கனகாலம். ஆரையும் கேளாமல் எடுத்தால் நீ வைச்சிடுவாய் எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

9. ஐயா, நான் யன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன். அவரே தொடர்ந்து, வருகிற ஞாயிறு மகன் வருவான், அவனிடம் தனது இலக்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன், இனி நீயும் எனக்கு எடுக்கலாம் என்றார். தன் வீட்டு இலக்கம் அவருக்குப் பாடமில்லை. அங்கே அவரிடம் அதைக் கேட்டவர் எவரும் இல்லையாம். நானும் அதுவரை கேட்டதில்லை. இணைப்புக் கொடுப்பவள் இலக்கம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று விட்டிருந்தேன். என் தொலைபேசியும் பழையது, எடுப்பவரின் இலக்கத்தைக் காட்டாது.

10. அந்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. கம்பி அறுந்திருக்கும் என்று நினைத்துப் பேருந்தில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கருமபீடத்தில் இருந்த தம்பி வாகீசன் மரியாதையான பிள்ளை. கோப்பைப் புரட்டிப் பார்த்து, “அன்ரி, நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்? இப்பதான் நடவடிக்கை எடுத்திருக்கினம்” என்றார். 2022 இல் நான் கேட்ட அமைதியைத் தாங்கள் 2024 இல் குறைவில்லாமல் தந்திருக்கிறீர்கள். உள்ளூர் அழைப்புகள் வழமைபோல வரும், பயப்பட வேண்டாம் என்றும் அவர் ஆறுதல் கூறினார். ஓம், வரும். ஆர் எடுக்கினம்? சட்டை தைத்தாயிற்றா என்று கேட்பவர்கள் நேரே படலையில் வந்து கூப்பிடுகிறார்கள்.

11. தடை போட்ட இலக்கத்துக்கு வெளியிலிருந்து எடுத்தால் என்ன கேட்கும் என்று அந்தத் தம்பியிடம் விசாரித்தேன். “இந்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை” என்று மூன்று மொழிகளிலும் குரல்பதிவு சொல்லும் என்றார். ஐயா, என்னைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைப்போல மூன்று மொழிகளில் ஒருவரும் சொன்னதில்லை. பூரணம் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னதற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று எண்ணுவார். அல்லது சின்னாச்சி போன இடத்துக்கே நானும் போய்விட்டேன் என்று எண்ணுவார். இல்லை என்று சொல்ல என்னிடம் அவரது இலக்கம் இல்லை, முகவரி இல்லை, முழுப்பெயரும் இல்லை. அவர் கைவிட்டால் அதோடு சரி.

12. ஆகவே தங்களிடம் கேட்பது:

மேற்படி தடையை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நீக்கித் தரவும். 2022 ஆம் ஆண்டு முறைப்பாட்டை நான் முழுமையாக வாபஸ் பெறுகிறேன். அதன் தமிழ் நன்றாக இருப்பதால் வேண்டுமானால் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பிரசுரத்தை மறுபதிப்புச் செய்யும்போது எனது இலக்கத்தையே உதாரணமாக வைத்திருக்க எனக்குச் சம்மதம். கனடாவுக்கு 011 என்பதையும் சேர்த்துவிட்டால் நல்லது. அண்ணையிடம் ஒரு பிரதி கொடுக்கலாம்.

தடையை நீக்க முன்னைய நடவடிக்கைக்கு எடுத்த அளவு காலம் எடுக்குமானால், அதுவரைக்கும் அந்தக் குரல்பதிவை மட்டுமாவது மாற்றித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். சிங்களமும் ஆங்கிலமும் இருந்தபடியே இருக்கட்டும். தமிழில் மட்டும் பின்வருமாறு சொன்னால் போதும். குரல் கொடுக்க ஆள் இல்லையென்றால் நானே வந்து பேசித் தருவேன், அதற்குக் கூலி வேண்டாம்:

“லைன் வேலையா இருக்கு அக்கா. ஆள் வீட்டிலைதான் இருக்கிறா. வைச்சிடாதேங்கோ.”

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குத் தொலைபேசியருகில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மு. ஜெயகௌரி

மானிப்பாய்,
14.07.2024, ஞாயிறு பின்னேரம்.